ஒரு நாள் பேச்சுக்கு ஒரு டிவியா?

என் தம்பி எதை வாங்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கமாட்டான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவனைத்தான் பத்தாவது வரை இழுத்துப் பிடித்துப் படிக்கவைத்தேன். அந்த நன்றியோ பயமோ தெரியாது, சைக்கிள் ஆனாலும் பீரோ ஆனாலும் நான் கடைக்கு வந்து, பொருளைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டினால்தான் அவன் கை சட்டைப்பைக்குப் போகும். அவன் பொண்டாட்டி கேலி செய்வாள். "உங்க கழுத்துல ஒரு மணியைக் கட்டிவிட்டா போதும் அண்ணி. நீங்க தலையாட்டினதை நாங்க வீட்டுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்."

அப்படி நான் தலையை ஆட்டாமல் விட்டது ஒரே ஒரு பொருளுக்கு. ஒரு பெரிய டிவி.

தம்பிக்குத் தகர டப்பா செய்கிற தொழிற்சாலையில் வேலை. பிரஸ் மெஷின். தகட்டை உள்ளே தள்ளிப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடி. டப்பா மூடி கழன்று விழும். ஒரு மெஷின் இரண்டு மெஷின் இல்லை, வரிசையாகப் பதினெட்டு. நான் ஒரே ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் பல்லெல்லாம் கூசிவிட்டது. அங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. வாயை நன்றாகத் திறந்து உதட்டை அசைப்பார்கள், அவ்வளவுதான். எதிர்வரிசைக்காரர் அதைப் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொல்வார். திட்டுவதும் அப்படித்தான், குழந்தை பிறந்த சேதி சொல்வதும் அப்படித்தான். தம்பி அதில் கெட்டிக்காரன். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போனில் என்ன பேசுகிறார் என்பதை இங்கிருந்தே எல்லோருக்கும் சொல்லிவிடுவானாம்.

அந்தச் சத்தம் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்குமேல் அவனுக்குச் சத்தம் விழும், சொல் விழாது. கதவு அடித்துக்கொண்டால் திரும்புவான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவான். அதனால் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவந்தபோது அவன் வேலையிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டான்.

நாங்கள் நினைத்துக்கொண்டதெல்லாம் வேறு. "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எல்லாம் உங்க வளர்ப்பு அண்ணி" என்பாள் அவன் பொண்டாட்டி. "லைட்டை அணைச்சா போதும், வாயில பூட்டுதான். ஒரு நல்லது கெட்டது பேச முடியாது." நான் பேசும்போது அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா என்கிற மரியாதை என்று எனக்குள்ளே பெருமை. அவன் குரலும் நாளாக நாளாகப் பெரிதாகிக்கொண்டே போனது. தெருவில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர்.

ஏன் மறைத்தான்? தொழிற்சாலையில் தெரிந்தால் மெஷினை விட்டு இறக்கிக் குப்பை கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், சம்பளம் பாதியாகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை காது சோதனை உண்டு. இவனைச் சின்ன அறையில் உட்காரவைத்து, வெளியே ஒருவர் பட்டனை அழுத்துவார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இவன் கண்ணாடி வழியாக அவர் தோளைப் பார்ப்பானாம். தோள் அசைந்தால் கையைத் தூக்கிவிடுவான். எத்தனை வருஷம்!

இன்னொரு காரணம் நான்தான். எங்கள் அப்பாவுக்கு மூத்தவர் ஒரு பெரியப்பா. இரண்டு கல்யாணம் செய்து இரண்டு பேரையும் பறிகொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருந்தார். டமாரச் செவிடு. அவரைப்பற்றி அவர் எதிரிலேயே பேசுவோம். நான் அவரைப்போல நடிப்பேன். "பெரியப்பா, பசிக்குதா?" என்று என் குரலில் கேட்டு, "ஆமா, மழை வர்ற மாதிரிதான் இருக்கு" என்று அவர் குரலில் பதில் சொல்வேன். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவைக்கா, இன்னொரு தடவை" என்பான். பெரியப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. அதை நடித்த வாய் இது. இந்த வாயிடம் வந்து அவன் எப்படிச் சொல்வான்?

சரி, டிவிக்கு வருகிறேன்.

தம்பி வீட்டில் இருந்தது சின்ன டிவி. ஒரு தலையணை அகலம்கூட இருக்காது. படமும் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும். அதில் செய்தி வாசிக்கிறவர் முகம் மட்டும்தான் பெரிதாக, நேராகத் தெரியும். அதனால் அவன் செய்தி மட்டும் பார்ப்பான். முக்கியமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பெண் வாசிப்பாள், உதடு அழகாகத் திறந்து மூடும். டப்பிங் சீரியல் போட்டால் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும், எழுந்து போய்விடுவான். அவன் பொண்டாட்டிக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? "ஏழு மணி ஆனா முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து உட்கார்ந்துடறார் அண்ணி. அவ வாயையே பார்க்கிறார். நான் எதிர்ல போனா, தள்ளு தள்ளுங்கிறார். கட்டின பொண்டாட்டி தள்ளணுமாம்!" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். நான் சிரித்தேன். ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுப்போட்டி என்றால் உயிரை விடுவாள். ஒரு டிவி சேனலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். ‘வீட்டில் நான் சொல்லாமல் விட்டது’ என்று தலைப்பு. அவள் தேர்வாகி, போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் காட்டுவார்களாம். "என்ன பேசின பாப்பா?" என்று அவன் கேட்டதற்கு, "இப்ப சொல்லமாட்டேன். டிவில பாருங்கப்பா, உங்களுக்காகத்தான்" என்றாள்.

அந்த வாரமே அவன் என் வீட்டுக்கு வந்து நின்றான். "அக்கா, ஒரு பெரிய டிவி வாங்கலாம்னு இருக்கேன். நீ வந்து பாரேன்."

கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிவி, கீழிருந்து மேல் வரை. ஒன்றுக்கொன்று சத்தம் மோதக்கூடாது என்று எல்லாவற்றையும் ஊமையாக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் வழுக்கைத் தலையர், பேச்சில் வெண்ணெய் ஒழுகும்.

"அம்மா, இது ஹை டெஃபனிஷன். உங்க வீட்டு டிவியில மூஞ்சி தெரியும். இதுல மூஞ்சியில இருக்கிற மரு தெரியும்."

"மருவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றேன்.

"மூக்குல வேர்த்தாக்கூடத் தெரியும்மா."

"அதைத் துடைக்க நீங்க துண்டு தருவீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினார். தம்பி அவரைக் கவனிக்கவில்லை. ஒரு பெரிய டிவி முன்னால் நின்றான். அதில் இரண்டு பேர் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தோள் குலுங்கியது. வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னடா சிரிக்கிற? சத்தமே இல்லையே."

திடுக்கிட்டுத் திரும்பினான். "இல்லக்கா... அந்தாள் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பு வருது."

பக்கத்து டிவியில் அதே ஏழு மணிப் பெண் வந்தாள். ஆளுயரத்துக்கு வந்தாள். தம்பி அதற்கு நகர்ந்தான். அவள் உதடு அசைய அசைய இவன் உதடும் லேசாக அசைந்தது. முகமெல்லாம் வெளிச்சம். எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத ஒரு சந்தோஷம். எனக்குச் சுருக்கென்றது. ஆகா, அவன் பொண்டாட்டி சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

"இது போதும்க்கா. இதுவே வாங்கிடலாம். பாப்பா பேசறதை நல்லாப் பார்க்கணும்."

"ஒரு நாள் பேச்சுக்கு ஒரு டிவியா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அவ மூணு நிமிஷம் பேசப்போறா, அதுக்குச் செவுரு முழுக்க டிவி. யாரை ஏமாத்தற? கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு, எவளையோ ஆளுயரத்துக்குப் பார்க்கணும்னு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற. வெட்கமா இல்ல?"

கடைக்காரர் நைசாக அந்தப் பக்கம் போய்விட்டார். அத்தனை டிவியின் வெளிச்சமும் என் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவனுக்குத் தப்பியிருக்காது. அவன் என் வாயைப் பார்த்தபடியே கொஞ்சநேரம் நின்றான். உதடு ஒருமுறை திறந்தது. உண்மையைச் சொல்லத்தான் திறந்தானோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அது திருட்டு முழியாகத்தான் பட்டது.

"உன் இஷ்டம்க்கா" என்றான். நடந்தே வீட்டுக்குப் போனோம். வழியில் நான் நிறையப் புத்தி சொன்னேன். அவன் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தான். அதில் ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

காட்டுகிற நாள் வந்தது. நான் போயிருந்தேன். அவன் மச்சான், அதாவது பொண்டாட்டியின் தம்பி, போனைத் தூக்கிப் பிடித்து டிவியைப் படம் பிடிக்கத் தயாராக நின்றான். தம்பி ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தான்.

"உங்க முதுகையா நாங்க பார்க்கிறது?" என்று பொண்டாட்டி அவனைப் பின்னால் இழுத்தாள். "மாமா, படத்துல உங்க மண்டைதான் வருது" என்றான் மச்சான். நானும், "தள்ளி உட்காருடா" என்றேன். ஸ்டூலோடு சுவர் ஓரத்துக்குப் போய்விட்டான்.

பாப்பா வந்தாள். மேடை முழுவதையும் காட்டினார்கள். அவள் முகம் நகம் அளவுதான் இருந்தது. அவள் பேசியது இதுதான். பள்ளியில் படித்தபோது ஒருநாள் பரீட்சைச் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பா வேலை உடுப்போடு, கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு, ஓடி வந்து வாசலில் நின்று ஊருக்கே கேட்கிறமாதிரி இவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். ‘யாருடி அது?’ என்று தோழிகள் கேட்டார்கள். ‘எங்க பக்கத்து வீட்டுக்காரர்’ என்று சொல்லிவிட்டாள். திரும்பினால் அப்பா பின்னாலேயே நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. "அப்பா, அன்னைக்கு நீங்க அதைக் கேட்டீங்க. எனக்குத் தெரியும். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று முடித்தாள். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

பொண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பாப்பா கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி படபடவென்று கை தட்டினான். "சூப்பர் பாப்பா! பின்னிட்டே! பரிசு உனக்குத்தான்!" என்று சிரித்தான்.

"அவ்வளவுதானாப்பா?" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"ஆமா, ஆமா!" என்றான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொண்டாட்டி, "நீங்களும் ஒரு மனுஷனா?" என்று எழுந்துபோனாள். அவன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். டிவி வாங்கவிடாத கோபத்தைப் பெற்ற பிள்ளையிடம் காட்டுகிறான், இவ்வளவு கல்நெஞ்சா என்று நான் நினைத்தேன். அன்றைக்கு அவன் முகம் எங்கள் பெரியப்பா முகம்போலவே இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் டிவி முன்னால் உட்காரவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் சலூனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். அங்கே மூன்று பக்கமும் கண்ணாடி, யார் பேசினாலும் முகம் தெரியும். வீட்டைவிட முடிவெட்டுகிற கடை பெரிதாகிவிட்டதா என்று கேட்டுக் கேட்டு அவன் பொண்டாட்டி ஓய்ந்துவிட்டாள். பாப்பா படிப்பை முடித்ததும் தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பக்கத்திலும் வேலை கிடைத்தது, வேண்டாம் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போது போன் வரும். அம்மாவிடம் அரைமணி நேரம் பேசுவாள். பிறகு போன் அவன் காதுக்குப் போகும். "ம்... ம்... சரி பாப்பா... உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். ஆறு வருஷம் இப்படியே.

அவன் ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவனுக்கு எதிர்வரிசையில் இருபது வருஷம் நின்றவர் ஒருவர், நெட்டை என்று கூப்பிடுவார்கள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமேலாவது ஒரு காது மெஷின் வாங்கிப் போடச் சொல்லுங்கம்மா. இங்க வேலைக்குப் பயந்துக்கிட்டு இருந்தான். இனி யாருக்குப் பயம்?"

"யாருக்குக் காது மெஷின்?"

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "என்னம்மா, கூடப்பிறந்தவங்க நீங்க. அவனுக்குப் பதிமூணு வருஷமாப் பேச்சே கேக்காதே."

எதிரே தம்பி மாலையோடு நின்று யாரோ பேசுவதை உதட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கடை ஞாபகம் வந்தது. ஊமை டிவி முன்னால் அவன் சிரித்த சிரிப்பு வந்தது. 

காது மெஷின் வாங்கினோம். காலம் கடந்துவிட்டது. "சத்தம்தான்க்கா பெரிசாக் கேக்குது, பேச்சு வரல" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டான். பிறகு நானே போய் அந்தப் பெரிய டிவியை, அதைவிடப் பெரியதையே, வாங்கிவந்து மாட்டச் சொன்னேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. "இப்ப எதுக்குக்கா?" என்றான். அவன் பொண்டாட்டி அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். 

அவன் மச்சான் பழைய போனில் பாப்பா பேச்சு இருப்பதாகச் சொன்னான். அதைப் பெரிய டிவியில் போட்டான். தம்பிக்கு நடு நாற்காலி போட்டோம். இந்தத் தடவை ஒருவரும் குறுக்கே போகவில்லை.

பாப்பா வந்தாள். சின்ன டிவியைப் போனில் பிடித்த படம். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாக நிறம். முகம் இருக்கிற இடத்தில் ஒரு வெளுத்த திட்டு, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி திறந்து திறந்து மூடியது. தம்பி முன்னுக்கு நகர்ந்து, முழங்காலில் கையை ஊன்றிப் பார்த்தான். பிறகு பின்னால் சாய்ந்தான்.

"தெரியலக்கா" என்றான். "என்ன சொன்னா?"

பொண்டாட்டி என்னைப் பார்த்தாள். பாப்பா வேறு ஊரில். நான் ஸ்டூலை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். கையால் மறைக்காமல், முகத்தைக் குனியாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பரீட்சைச் சீட்டு, எண்ணெய்க் கறை, பக்கத்து வீட்டுக்காரர். அந்த இடத்தில் மட்டும் தலை தானாகக் குனிந்தது. அவன் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினான். சொன்னேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா என்று அவள் கேட்டதையும் சொன்னேன்.

அவன் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பக்கத்து வீட்டுக்காரர்னா சொன்னா?" என்றான். "எனக்குத் தெரியாதேக்கா. அவ திரும்பி நின்னுல்ல பேசிக்கிட்டிருந்தா." தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, "அதுக்கா நான் கை தட்டினேன்?" என்று கேட்டான்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அதான் ஞாயித்துக்கிழமை போன்ல சத்தமே வரலையா..." அவன் குரல் எப்போதும்போலப் பெரிதாகத்தான் இருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். "அம்மாகிட்ட அரைமணி நேரம் பேசறாளே, எங்கிட்டயும் ஏதோ சொல்லிக்கிட்டிருப்பான்னு நான் ம் கொட்டிக்கிட்டிருந்தேன்க்கா. அவ பேசவே இல்லையா?"

பொண்டாட்டி டிவியை அணைக்கப் போனாள். அணைக்காமல் அங்கேயே நின்றாள்.

"சொல்லுக்கா. நீ பக்கத்துல இருந்து கேட்டிருக்கியே. ஒண்ணுமே பேசலையா?"

"உன்கிட்ட போனைக் குடுத்ததும் அவ வச்சுடுவாடா" என்றேன். "எங்க எதிர்ல மானத்தைக் காப்பாத்திக்க நீ வெறும் போன்ல பேசறதா நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்."